தறி நின்ற நேரம் யார் கணக்கில்?

வெண்ணந்தூரில் விசைத்தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. தறிப்பட்டறைக்குள் போனால் கத்தித்தான் பேச வேண்டும். அந்தச் சத்தம் நின்றால் அங்கே ஒருவருடைய கூலியும் நிற்கிறது என்று அர்த்தம்.

தொழிலாளிக்கு உதவ டிஜிட்டல் கருவிகள் என்று இப்போது பெரிதாகப் பேசுகிறார்கள். நெசவுக்கு இது ஒன்றும் புதிதல்ல. 1800-களின் தொடக்கத்திலேயே பிரான்சில் ஜக்கார்டு செய்த தறி, அட்டையில் ஓட்டை இருக்கிறதா இல்லையா என்று பார்த்துத்தான் பாவு நூலைத் தூக்கியது. (கம்ப்யூட்டருக்குத் தறிதான் தாத்தா!) இன்று பெரிய மில்களில் ஓடும் ஏர்ஜெட் தறியின் திரை, பாவு அறுந்து எத்தனை முறை நின்றது, ஊடை அறுந்து எத்தனை முறை நின்றது என்று தனித்தனியாகக் காட்டுகிறது. சாதா விசைத்தறி ஓட்டுபவருக்கு அந்தக் கணக்கு கிடையாது.

ஏன் வேண்டும் அந்தக் கணக்கு? பி.காம். பாடத்தில் 'வீண் நேரம்' என்று ஒரு பகுதி உண்டு. மணிக்கூலி என்றால், இயந்திரம் பழுதாகி நின்ற நேரம் முதலாளியின் லாப நட்டக் கணக்குக்குப் போகும். மீட்டர் கூலியில் அது அப்படியே தொழிலாளியின் தலையில் விழுகிறது. தறி நிமிடத்துக்கு 120 ஊடை ஓடுகிறது, துணிக்கு அங்குலத்துக்கு 40 ஊடை என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 3 அங்குலம். ஒரு ஷிப்டில் 50 நிமிடம் நின்றால் 150 அங்குலம், கிட்டத்தட்ட நாலு மீட்டர் போச்சு! அதுவும் ஒரு தறியில் மட்டும். நின்றதற்குக் காரணம் மட்டமான நூலா, கரண்டா, மெக்கானிக் வராததா என்று யாரும் எழுதி வைப்பதில்லை.

2017-ல் தொடங்கிய பவர்டெக்ஸ் இந்தியா திட்டத்தில், நூல் அறுந்தால் தறி தானாக நிற்கும் கருவியைச் சாதா தறியில் பொருத்த மானியம் தந்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அது தறியை நிறுத்துவதோடு சரி. அதே மின்தொடர்போடு சின்ன எண்ணியைச் சேர்த்து, காரணத்துக்கு நாலு பொத்தான் வைப்பது பெரிய வித்தையா என்ன?

ஒரே நிபந்தனை, அந்த எண் முதலில் தறி ஓட்டுபவரின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். முதலாளியின் செல்போனுக்கு மட்டும் போனால், "ஏன் இவ்வளவு நேரம் நிறுத்தினாய்?" என்று கேட்கத்தான் பயன்படும். கூலி உயர்வுப் பேச்சுக்கு உட்காரும்போது தொழிலாளியிடம் இன்று இருப்பது, "நூல் சரியில்லைங்க" என்ற வாய்ச்சொல் மட்டும்தான்.