பேச்சாளர் கையில் மருந்து

கெஹெலிய ரம்புக்வெல்லவின் குரலைக் கேளாதார் இந்நாட்டில் இலர். ஐக்கிய தேசியக் கட்சியின் பேரால் கண்டி மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் புகுந்த அவர், 2006இல் அணி மாறி மகிந்த ராஜபக்சவின் அரசில் அமைச்சரானார். பாதுகாப்பு விவகாரங்களுக்கான பேச்சாளருமானார். அவ்வாண்டு ஆகஸ்ட் 14ஆம் நாள் முல்லைத்தீவு வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தின் மீது குண்டுகள் வீழ்ந்தன. ஐம்பதுக்கு மேற்பட்ட இளம்பெண்கள் மாண்டனர். அவர்களுட் பலர் பாடசாலை மாணவியர். சென்று பார்த்த போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவினரும் யுனிசெப் அதிகாரிகளும் அங்கே படைமுகாமுக்கான அடையாளம் எதனையும் தாம் காணவில்லை என்றனர். கொழும்பிலிருந்த பேச்சாளரோ, ஆயுதப் பயிற்சி பெறுவோரிடத்து வயதும் பாலும் பார்ப்பதற்கில்லை என்ற பொருள்பட விளக்கம் தந்தார். பிள்ளைகளின் உடல்கள் ஒருபுறம் கிடக்க, அவற்றுக்குரிய சொல்லை மாற்றிவிட்டாற் போதும், காரியம் முடிந்துவிடும்!

இதுதான் அந்தத் தொழில். நிகழ்ந்ததை அறிவித்தல் அதன் முதற்கடமை என்று நாம் பாடப்புத்தகத்தில் எழுதிவைக்கிறோம். நடைமுறையில் அதன் முதற்கடமை, நிகழ்ந்ததற்குப் பொறுப்பாளி எவருமில்லை என்று காட்டுவதே. இத்தொழிலில் தேறியவருக்கு அரசு நன்றி மறப்பதில்லை. 2010இல் அவர் ஊடக அமைச்சரானார். 2015 வரை அப்பதவியில் இருந்தார். 2020இல் மீண்டும் அதே அமைச்சும் அமைச்சரவைப் பேச்சாளர் பதவியும் அவருக்குக் கிடைத்தன.

சிலாபத்தில் வாழும் எமக்கு அந்த ஊடக அமைச்சின் காலம் நன்கு நினைவிருக்கிறது. 2012 பெப்ரவரியில் எரிபொருள் விலை ஏற்றப்பட்டபோது கடற்றொழிலாளர் வீதிக்கு வந்தனர். படகுக்கு எண்ணெய் இல்லையேல் அடுப்பில் உலை இல்லை என்பதற்கு மேல் அவர்கள் அரசியல் எதுவும் பேசவில்லை. சுடப்பட்டு ஒருவர் மாண்டார். சிங்களம் பேசும் மீனவனும் தமிழ் பேசும் மீனவனும் ஒரே கடலை நம்பி வாழும் இக்கரையில், அரசு தன் செயலுக்குச் சொல் தேடும் வகையை அன்று இருவரும் ஒருங்கே கண்டனர். அன்று பேசிய வாய் இன்னாருடையது என்று நான் சாதிக்க வரவில்லை. வாய் மாறினும் பாடம் ஒன்றே.

2021 ஆகஸ்டில் பெருந்தொற்று நாட்டை வாட்டிய வேளையில் அமைச்சரவை மாற்றப்பட்டது. பவித்ரா வன்னியாரச்சியிடமிருந்த சுகாதார அமைச்சு பேச்சாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. மருத்துவமும் அறியாது பொதுச் சுகாதாரமும் பயிலாது, மறுத்துரைக்கும் திறனொன்றையே முதலாகக் கொண்டவரிடம் ஒரு நாட்டின் மருந்துக் களஞ்சியம் கொடுக்கப்பட்டதென்றால், கொடுத்தவர்களின் கருத்து என்ன? வைத்தியசாலையில் நிகழப்போவனவற்றுக்குப் பரிகாரம் தேடுபவர் அவர்களுக்கு வேண்டியதில்லை. விளக்கம் சொல்பவர் வேண்டும். 2022 ஏப்பிரலில் அமைச்சரவை கலைந்த பின்னரும், மே மாதத்தில் ரணில் விக்கிரமசிங்கவின் அரசில் அதே அமைச்சு அவரையே வந்தடைந்தது. ஆட்சியாளர் மாறியும் மாறாத தேவை!

டொலர் தீர்ந்தது, மருந்தும் தீர்ந்தது. அவசரம் என்ற பெயரால், முறையான பதிவில்லாத மருந்துகளையும் இறக்குமதி செய்ய விலக்கு அளிக்கப்பட்டது. இக்கரையோர வைத்தியசாலை ஒன்றிலே, கையில் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து வெளியில் வாங்கி வரும்படி அனுப்பப்பட்ட முதியவரை நான் அறிவேன். அவர் என் மாணவன் ஒருவனின் பாட்டனார். பாமசியில் விலை கேட்டுவிட்டுச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினார்.

2023இல் இந்தியாவிலிருந்து வந்த ஒருவகைக் கண்சொட்டு மருந்தால் அறுவைச் சிகிச்சை பெற்ற நோயாளர் சிலர் பார்வையை இழந்தனர். பின்னர் இம்யூனோகுளோபியூலின் விவகாரம் வெளிப்பட்டது. 22,500 குப்பிகள், 13 கோடி ரூபாவுக்கு மேற்பட்ட கொள்வனவு. நோயாளரின் உடலில் ஏற்பட்ட விபரீத விளைவுகளே அதனைக் காட்டிக்கொடுத்தன. சுட்டுத்துண்டில் ஒரு பெயர். உள்ளே வேறொரு பொருள். பேச்சாளரின் தொழிலைக் குப்பியில் அடைத்தாற்போல் இருந்தது அது.

2023 செப்டெம்பரில் நம்பிக்கையில்லாப் பிரேரணை வந்தது. ஆதரவாக 73 வாக்கு, எதிராக 113. ஒக்டோபரில் சுகாதாரத்தை எடுத்துக்கொண்டு சுற்றாடலைக் கொடுத்தனர். 2024 பெப்ரவரி 2ஆம் நாள் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் அவரைக் கைது செய்தது. சில நாட்களில் அமைச்சுப் பதவியைத் துறந்தார். பல மாத விளக்கமறியலின் பின் பிணை கிடைத்தது. 2025 மே மாதத்தில் இலஞ்ச ஊழல் ஆணைக்குழு மீண்டும் கைது செய்தது. மருந்து விவகாரத்தில் சட்டமா அதிபர் அவர்மீதும் வேறு பலர்மீதும் குற்றப்பத்திரம் தாக்கல் செய்தார். குற்றவாளியா அன்றா என்பதை நீதிமன்றமே தீர்மானிக்க வேண்டும். எமது வழக்கு வேறு. மறுத்துரைக்கும் திறமையை ஆளும் தகுதியாகக் கருதிய முறையின் மீதே எமது வழக்கு.

இம்முறை இலங்கைக்கு மட்டும் உரியதன்று. ஆர்ஜென்ரீனாவில் ஹாவியர் மிலேயின் பேச்சாளராயிருந்த மனுவல் அடோர்னி, தம் அறிவிப்புகளை ‘முற்றிற்று’ என்ற ஒரு சொல்லால் முடிப்பதையே முத்திரையாக்கிக் கொண்டவர். 2025 நவம்பரில் அவர் அமைச்சரவையின் தலைமை அதிகாரியானார். கேள்விக்கு இடமின்றி முடித்துவிடும் ஆற்றலுக்கு அங்கும் விலை உண்டு.

நண்பர்களே, இதில் எமது பங்கையும் பேசவேண்டும். விவாதப் போட்டி மேடையில், தான் நம்பாத கட்சியைத் திறம்பட நிலைநாட்டும் மாணவனுக்கு நாமே புள்ளி இடுகிறோம், நானும் இட்டிருக்கிறேன். இதனினும் பாரதூரமானது ஒன்றுண்டு. செஞ்சோலைக்கு விளக்கம் சொல்லப்பட்ட காலத்தில் அதே அரசில் லங்கா சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் பங்காளிகளாய் இருந்தன. 2009இலும் அவை வெளியேறவில்லை. தமிழ்ப் பிள்ளைகளின் சாவுக்குச் சொல்லப்பட்ட விளக்கத்தைப் போர்க்காலத் தேவையென்று பொறுத்துக்கொண்ட தோழர்கள், பதினேழு ஆண்டுகளின் பின் அதே குரல் மருந்துக் குப்பிக்கு விளக்கம் சொன்னபோது வெகுண்டனர். வெகுண்டது நியாயமே. முதலாவது விளக்கத்துக்கு அவர்கள் இட்ட புள்ளி எத்தனை என்பதை இன்னும் எழுதிக் காட்டவில்லை.