லிட்டருக்கு 25: யார் வீட்டுக் கணக்கு?

'பழைய கார் என்றால் டீசல்தான்' என்று சென்ற இதழில் ஒருவர் அடித்துச் சொல்லியிருந்தார். மாதம் 600 கிலோமீட்டர் ஓட்டுகிற சம்பளக்காரர் 2014 மாடல் டீசல் ஸ்விஃப்ட்டைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமாம். எழுதியவரும் கண்ணை மூடிக்கொண்டுதான் எழுதியிருக்கிறார். மைலேஜ் என்ற சொல் பத்திக்குப் பத்தி வருகிறது. பராமரிப்பு என்ற சொல்லைத் தேடினேன், கடைசிவரை வரவில்லை.

அவருடைய எண்களையே எடுத்துக்கொள்வோம். டீசல் வண்டி 3 லட்சத்து 75 ஆயிரம், அதே வருடத்துப் பெட்ரோல் வண்டி 3 லட்சம். கூடுதலாகப் போகிற 75,000 ரூபாயை 'ஓட்டத்திலேயே எடுத்துவிடலாம்' என்கிறார். எத்தனை நாளில் என்று மட்டும் சொல்லவில்லை. ஊருக்குள் பாதி, வெளியே பாதி என்று ஓட்டினால் பெட்ரோல் லிட்டருக்கு 16 கொடுக்கும், டீசல் 20 கொடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024 மார்ச்சில் இரண்டு ரூபாய் குறைத்த பிறகு சென்னை விலை பெட்ரோல் ஏறத்தாழ 101, டீசல் ஏறத்தாழ 92.50 என்று இருந்தது. அந்த விலையில் 600 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் செலவு 3,790, டீசல் செலவு 2,775. மாதம் ஆயிரம் ரூபாய்தான் மிச்சம். போட்ட 75,000 திரும்ப வர ஆறு வருடத்துக்கு மேலாகும். 2014 வண்டியின் ஆர்.சி. 2029-ல் முடிகிறது. முதல் கைக்கு வருவதற்குள் ஆர்.சி. போய்விடும். அதற்குப் பிறகு எஃப்.சி. காட்ட வேண்டும், புதுப்பிக்க 5,000 ரூபாய், பசுமை வரி தனி. கட்டுரையில் இதில் ஒரு பைசாகூட இல்லை.

இந்த டீசல் பக்தி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 2010 ஜூனில் பெட்ரோல் விலையைச் சந்தைக்கு விட்டார்கள், டீசலை அரசு பிடித்து வைத்திருந்தது. 2012 மே மாதம் இரண்டுக்கும் நடுவே லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். அன்று டீசல் வண்டி வாங்கியவர் புத்திசாலி, சந்தேகமில்லை. 2014 அக்டோபரில் டீசலையும் சந்தைக்கு விட்டதோடு அந்தக் காலம் முடிந்தது. நம் கட்டுரையாளர் மட்டும் 2012-லேயே வண்டியை நிறுத்திவிட்டு, இறங்க மனமில்லாமல் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்.

'கம்பெனியே 25 என்று சொல்கிறதே' என்பது அவருடைய பெரிய ஆயுதம். அந்த எண் ஏஆர்ஏஐ என்கிற வாகன ஆய்வு அமைப்பின் சோதனையில் வந்தது. உருளைமேல் சக்கரத்தைச் சுழலவிட்டு, ஏசி போடாமல், இருபது நிமிடம்கூட நிறையாத ஓட்டத்தில், 90-ஐத் தாண்டாத வேகத்தில் எடுப்பது. ஒரு வண்டியை இன்னொரு வண்டியோடு ஒப்பிட அது உதவும். வீட்டு பட்ஜெட் போட உதவாது. மே மாதத்து மதுரையில் ஏசியை அணைத்துவிட்டு, பின்சீட்டில் மாமியாரை உட்காரவைத்துக்கொண்டு, கட்டுரையாளர் 25 எடுத்துக் காட்டட்டும்.

எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல் விஷயத்தில் அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பழைய பெட்ரோல் வண்டிகளில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று 2021-ல் வந்த நிதி ஆயோக் அறிக்கையே சொல்கிறது. சரி, 16-ஐ 15 ஆக்கிக்கொள்வோம். மாத மிச்சம் 1,265 ஆகிறது. அப்படியும் முதல் திரும்ப ஐந்து வருடம். பெட்ரோல் வண்டியில் ரப்பர் குழாய்களையும் சீல்களையும் பார்த்து வாங்குங்கள் என்று எழுதியிருந்தால் அவருக்கு நன்றி சொல்லியிருப்பேன்.

பராமரிப்புக்கு வருகிறேன். இதே மாதிரி ஓர் அறிவுரையைக் கேட்டு என் மச்சான் ஒரு டீசல் கார் வாங்கினார். எட்டாவது மாதம் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தது. திருச்சியில் பம்ப், நாசில் வேலை பார்க்கிற பட்டறைக்குக் கொண்டுபோனோம். மெக்கானிக் நாலு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் கழற்றி, நாலு சின்ன பிளாஸ்டிக் பாட்டில்களை மாட்டித் தொங்கவிட்டு, எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டார். மூன்று பாட்டில்களில் டீசல் விரல்கடை அளவு சேர்ந்திருந்தது. நாலாவது மளமளவென்று நிரம்பியது. "இது போயிடுச்சு சார். இதை மட்டும் மாத்தலாம், ஆனா ஆறு மாசத்துல அடுத்தது வரும்" என்றார். மச்சான் என்னைப் பார்த்தார், நான் பாட்டிலைப் பார்த்தேன். நாலையும் மாற்றிக் கூலியோடு 41,000. கட்டுரையாளரின் கணக்கில் அது மூன்று வருடத்துக்கு மேலான மிச்சம். டர்போ, கிளட்ச் பக்கம் இன்னும் நாங்கள் போகவே இல்லை. அந்த வயதுப் பெட்ரோல் ஸ்விஃப்ட்டில் டர்போ கிடையாது, காமன் ரெயிலின் உயர் அழுத்தப் பம்ப் கிடையாது. காலையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் பெரும்பாலும் பேட்டரி, பிளக்கோடு முடிந்துவிடும்.

'வசதி இருந்தால் பிஎஸ்-6 டீசல்' என்று போகிறபோக்கில் ஒரு வரி வேறு. அதில் புகைத்துகளைப் பிடித்துவைக்கிற டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை எரித்துத் தள்ள அதற்கு நெடுஞ்சாலையில் நிற்காத, சீரான ஓட்டம் வேண்டும். வேளச்சேரியிலிருந்து கிண்டிக்குப் போய்வருகிறவரின் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும், விளக்கு எரியும், செலவு வரும். மாருதி 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபோது டீசலையே கைவிட்டதை அவர் கவனிக்கவில்லை போலும்.

'மீட்டர் 60,000-க்குள் இருந்தால் போதும்' என்பதைப் படித்தபோது சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. புரோக்கர்கள் இதை வெட்டி ஒட்டிவைத்துக்கொள்வார்கள். மீட்டரைக் குறைத்து வைப்பது அரைமணி நேர வேலை. போன வருடம் ஒரு யார்டில் 48,000 காட்டிய வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். கிளட்ச் பெடலின் ரப்பர் வரியெல்லாம் தேய்ந்து வழுக்கைத் தலை மாதிரி இருந்தது. ஸ்டியரிங்கில் வலது கை பிடிக்கிற இடம் பளபளத்தது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தேன், அடியில் ஒரு கோடு சேறு காய்ந்திருந்தது. வெள்ளத்தில் நின்ற வண்டி. 2015-லும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கியவை எத்தனை! அவை எல்லாம் காயலான் கடைக்குப் போய்விட்டன என்று நம்புகிறவர் நம்பட்டும்.

டெல்லியிலிருந்து பழைய டீசல் வண்டியை வாங்கிவரலாம் என்ற யோசனை அதைவிட மோசம். பத்து வருடம் கடந்த டீசல் வண்டிகளுக்கு அங்கே தடை என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதனால்தான் அங்கே விலை சரிந்தது. இங்கே கொண்டுவர அந்த ஊர் என்.ஓ.சி. வேண்டும், தமிழ்நாட்டுக்கு ஆயுள் வரி மறுபடி கட்ட வேண்டும், பதிவு மாற்ற ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நடக்க வேண்டும். 'பாதி விலை' என்கிறாரே, மீதிப் பாதி இங்கேதான் போகிறது.

மாதம் 2,000 கிலோமீட்டர், பெரும்பாலும் பைபாஸில் ஓட்டுகிற ஒரு விற்பனைப் பிரதிநிதிக்கு டீசல் சரி. அவருக்கு மாதம் 3,300 ரூபாய்க்கு மேல் மிஞ்சும், இரண்டு வருடத்தில் முதல் வந்துவிடும். கட்டுரையை அவருக்கென்று எழுதியிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை குலதெய்வக் கோயிலுக்குப் போய்வருகிறவரிடம் போய் இதைச் சொன்னதுதான் தப்பு. அவருக்கு ஒரே ஓனர் வைத்திருந்த, சர்வீஸ் ரசீது உள்ள, சின்னப் பெட்ரோல் வண்டி போதும். மிஞ்சுகிற 75,000 பேங்கிலேயே இருக்கட்டும்.

கட்டுரையாளரிடம் ஒரு கோரிக்கை. அவரும் பழைய டீசல் வண்டிதான் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறார். அதன் கடந்த மூன்று வருட சர்வீஸ் பில்களை அடுத்த இதழில் அச்சிடட்டும்.