ஆடிப்பட்டமும் பாமாயில் பாக்கெட்டும்

ரேஷன் கடையில் பாமாயில் லிட்டர் 25 ரூபாய், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய். 2007-ல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டம் இது. கையில் காசில்லாத மாதக் கடைசியிலும் பல வீடுகளில் தாளிக்க முடிகிறதென்றால் அதற்கு அந்தப் பாக்கெட்தான் காரணம். அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால், நாட்டில் புழங்கும் சமையல் எண்ணெயில் பாதிக்கும் மேல் வெளியிலிருந்து வருகிறது. 1986-ல் எண்ணெய்வித்துத் தொழில்நுட்ப இயக்கம் தொடங்கி, 90-களின் தொடக்கத்தில் கிட்டத்தட்ட தன்னிறைவைத் தொட்டவர்கள் நாம். பிறகு இறக்குமதி தாராளமானது. எண்ணெய்ப்பனை ஓர் ஏக்கரில் தரும் எண்ணெய் நிலக்கடலையைவிடப் பல மடங்கு. அதனால் மலிவாக வரும் பாமாயிலோடு திண்டிவனத்து விவசாயியின் கடலை எப்படிப் போட்டிபோடும்? அதே திண்டிவனத்து ஆராய்ச்சி நிலையம் கொடுத்த ரகங்களை விதைத்தாலும் களையெடுப்புக் கூலி, பறிப்புக் கூலி, விதைச்செலவு என்று கணக்கு உதைக்கத்தான் செய்கிறது. கடலைக்கு விதைச்செலவு சாதாரணமல்ல. விற்க வேண்டிய பருப்பையே மண்ணில் போட வேண்டும்.

வெளிநாட்டு எண்ணெய் எப்போதும் வரும் என்பதும் நிச்சயமில்லை. 2022-ல் உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெய் வரத்து தடுமாறியது. ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியாவும் பாமாயில் ஏற்றுமதியைச் சுமார் மூன்று வாரம் நிறுத்தியது.

இறக்குமதியே கூடாது என்பது மேடைப் பேச்சு. என் கோபம் வரி மாறும் நேரத்தின் மேல்தான். 2024 செப்டம்பரில் கச்சா சமையல் எண்ணெய்க்கு அடிப்படைச் சுங்கவரி 20 சதவீதமானது. 2025 மே 30-ல் அது 10 ஆகக் குறைந்தது. ஆடிப்பட்டத்துக்கு என்ன போடலாம் என்று விவசாயி யோசிக்கிற நேரத்தில் இப்படிச் செய்தால் அவர் எதை நம்பி விதைப்பார்? விலை ஏறினால் நகரம் கத்துகிறது, உடனே வரி குறைகிறது. விலை விழுந்தால் கிராமம் கத்துவது அவ்வளவு சீக்கிரம் டெல்லிக்குக் கேட்பதில்லை.

ரேஷனில் தேங்காய் எண்ணெய் கொடுங்கள் என்று பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை விவசாயிகள் பல காலமாகக் கேட்கிறார்கள். மானியம் கூடுதலாகும், உண்மைதான். பாமாயிலை அடியோடு நிறுத்த வேண்டாம். அறுவடைக்குப் பிந்தைய இரண்டு மாதங்களுக்காவது, கடலையும் தென்னையும் விளையும் மாவட்டங்களில் அந்த ஊர் எண்ணெயையே அரசு வாங்கி ரேஷனில் கொடுக்கட்டும். என்ன விலைக்கு எவ்வளவு வாங்கும் என்பதை விதைப்புக்கு முன்பே சொல்லிவிடட்டும்.