தோத்தது நீயில்ல மாப்ளே, உன் தூரம்!

ஆடி மாதச் சனிக்கிழமை. குச்சனூருக்குள் கால் வைக்க இடமில்லை. சுரபி நதிக் கரையில் இருந்து சனீஸ்வரன் கோயில் வாசல் வரைக்கும் கூட்டம், எள் தீப வாசனை. அந்தக் கூட்டத்தில் ஒரு முகம் மட்டும் ஏழரைச் சனி தன்னை மட்டுமே பிடித்த மாதிரி தொங்கிக் கொண்டிருந்தது. என் அக்கா மகன். ப்ளஸ் ஒன் படிக்கிறான்.

"என்ன மாப்ளே, மூக்குல கீறல்?"

"ஒண்ணுமில்ல மாமா. பாக்ஸிங்கை விட்டுறலாம்னு இருக்கேன்."

தேனியில் ஒரு பயிற்சிக்கூடத்தில் இரண்டு வருடமாக கிக் பாக்ஸிங் பழகுகிறான். சமீபத்தில் அங்கே எம்.எம்.ஏ. வகுப்பும் ஆரம்பித்திருக்கிறார்கள். குத்து, உதை, மல்யுத்தம், பூட்டு எல்லாம் கலந்த சண்டை. புதிதாகச் சேர்ந்த ஒரு பையன், மல்யுத்தம் பழகியவன், இவனைவிட ஒல்லி. இரண்டு முறையும் ஒரே நிமிடத்தில் இவனைக் கீழே போட்டு, கழுத்தைப் பூட்டிவிட்டான்.

"ரெண்டு வருசம் பழகி என்ன பிரயோசனம்? நான் வேஸ்ட் மாமா."

அவன் அப்பாவுக்கு இதில் உள்ளூர சந்தோஷம். 'அப்பவே சொன்னேன், படிப்பைப் பாருன்னு.' அக்காவுக்கு மூக்குக் கீறல்தான் கவலை. எனக்கு அவன் சொன்ன கடைசி வார்த்தை.

டீக்கடை பெஞ்சில் எங்கள் ஊர்ச் சிலம்ப வாத்தியார் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஊன்றி வந்த கம்பை எடுத்து இவன் நெஞ்சுக்கு நேராக நீட்டினார்.

"எங்கே, என்னை அடி பாப்போம்."

இவன் கை எட்டவில்லை. சுற்றி வந்தான். கம்பு முனையும் கூடவே வந்தது.

"இப்ப உள்ள வந்து என் இடுப்பைப் பிடி."

தயங்கிக்கொண்டே பிடித்தான்.

"இப்ப நான் கம்பைச் சுத்த முடியுமாய்யா? அதே கம்பு, அதே கிழவன். மாறுனது தூரம் மட்டுந்தான். நெத்தி உசரக் கம்புக்கு ஒரு தூரம், மான்கொம்புக்கு ஒரு தூரம். உன் தூரத்துல அவன் நின்னா நீ ராசா. அவன் தூரத்துக்கு நீ போனா அவன் ராசா."

இதற்கு மேல் எளிமையாக யாரும் சொல்லிவிட முடியாது.

எம்.எம்.ஏ. சண்டையில் பெரிதாகப் பார்த்தால் மூன்று தூரங்கள். கையும் காலும் எட்டுகிற தூரம், கட்டிப்பிடிக்கிற தூரம், தரை. குத்துகிறவன் பலமாகக் குத்த காலை ஊன்றி இடுப்பைத் திருப்ப வேண்டும். உதைக்கிறவன் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். மல்யுத்தக்காரன் காத்திருப்பது அந்த நொடிக்குத்தான். குனிந்து உள்ளே புகுந்து தொடையைப் பிடித்துவிட்டால், இரண்டு வருடக் குத்துக்கு அங்கே வேலையில்லை.

ஆனால் அந்த மல்யுத்தக்காரனே ஜியு ஜிட்சு பழகியவனைக் கீழே போட்டால் கதை மாறும். மல்யுத்தத்தில் முதுகு தரையில் பட்டால் தோல்வி. ஜியு ஜிட்சுக்காரனுக்கோ மல்லாந்து கிடப்பதே ஒரு தாக்குதல் நிலை. கீழே இருந்தே கையைப் பூட்டுவான், கழுத்தை நெரிப்பான். சரி, அவனை யார் ஜெயிப்பது? கீழே விழவே மறுக்கிற குத்துச்சண்டைக்காரன். கல், காகிதம், கத்தரிக்கோல் விளையாட்டு மாதிரி ஒரு சுற்று. ஒருவரை ஒருவர் ஜெயித்துவிட்டதால் மட்டும் அவர் எல்லோரையும்விடப் பெரியவர் ஆகிவிடுவதில்லை.

முகமது அலிக்கே இது நடந்தது. 1976 ஜூன் 26, டோக்கியோ. ஜப்பானிய மல்யுத்த வீரர் அன்டோனியோ இனோக்கியோடு மோதினார். இனோக்கி பெரும்பாலும் தரையில் படுத்துக்கொண்டே அலியின் கால்களை உதைத்தார். தரையில் கிடப்பவரை அலி எப்படிக் குத்துவார்? 15 சுற்றில் அவர் விட்ட குத்துகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். முடிவு டிரா. அலியின் கால்தான் வீங்கிப் போனது.

1993 நவம்பர் 12, அமெரிக்காவின் டென்வர். முதல் யு.எஃப்.சி. போட்டி. பிரேசிலின் ராய்ஸ் கிரேஸி, பார்க்க ஒல்லியான மனிதர். ஒரே இரவில் மூன்று பேரை ஜெயித்துப் பட்டம் வாங்கினார். முதலில் அவரிடம் தோற்ற ஆர்ட் ஜிம்மர்சன் ஒரு குத்துச்சண்டை வீரர். ஒற்றைக் கையில் மட்டும் கிளவுஸ் மாட்டி வந்தவர். கீழே விழுந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் தோல்வியை ஒப்புக்கொண்டார். என் மருமகனின் அண்ணன் என்று சொல்லலாம்!

"அப்போ மல்யுத்தம்தான் பெருசு, அப்படித்தானே மாமா?" என்றான்.

இல்லை. 'தங்கல்' பார்த்திருப்பீர்கள். அந்த போகட் குடும்பத்தின் மகள்களில் ஒருவர் ரிது. மல்யுத்தத்தில் காமன்வெல்த் சாம்பியன்ஷிப் தங்கம் வாங்கிவிட்டு எம்.எம்.ஏ.வுக்கு வந்தவர். 2021 டிசம்பரில் சிங்கப்பூரில் ஒன் சாம்பியன்ஷிப் இறுதிப்போட்டி. எதிரே தாய்லாந்தின் ஸ்டாம்ப் ஃபேர்டெக்ஸ், சிறுவயது முதல் முய் தாய் ஆடியவர். ரிது தரைக்கு இழுத்தால் முடிந்தது கதை என்றுதான் யாருக்கும் தோன்றும். நடந்தது வேறு. இரண்டாம் சுற்றில், தரையில் வைத்தே ரிதுவின் கையைப் பூட்டி ஜெயித்தவர் ஸ்டாம்ப். உதைக்கிற பெண், தன் பலவீனம் எது என்று தெரிந்து, அதையே போய்ப் படித்துவிட்டு வந்திருந்தார்.

நம் அய்யம்பட்டி ஜல்லிக்கட்டிலும் இதைப் பார்க்கலாம். பாய்ந்து ஓடுகிற காளையின் திமிலை எட்டிப் பிடிக்கிற வீரர், நின்று விளையாடுகிற காளை முன்னால் திணறுவார். அதற்காக அவருக்கு வீரமில்லை என்று யாரும் சொல்வதில்லை.

மருமகன் வகுப்புக்குத் திரும்பிப் போனான். முதல் மாதம் குத்தே இல்லை. எதிராளி காலுக்குப் பாயும்போது இரண்டு கால்களையும் பின்னால் வீசி, இடுப்பை அவன் தோள்மேல் அழுத்துவது எப்படி, விழுந்தால் பக்கவாட்டில் திரும்பி எழுவது எப்படி, இவ்வளவுதான் பயிற்சி. பூட்டு இறுகினால் உடனே தட்டிவிட வேண்டும், தட்டியதும் மற்றவன் விட்டுவிட வேண்டும் என்பது அங்கே கட்டாயம். பிள்ளைகளை இப்படி ஓர் இடத்தில் சேர்க்கும் பெற்றோர் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான். அடுத்தது, எடைக்கு ஏற்ற ஜோடி போடுகிறார்களா என்று பாருங்கள். தலையில் அடிபட்டால் ஓய்வு கொடுக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

போன வாரம் அதே ஒல்லிப் பையனோடு மூன்றாம் முறை மோதியிருக்கிறான். ராத்திரி போன் வந்தது.

"தோத்துட்டேன் மாமா."

குரலில் சோகமே இல்லை.

"ஆனா நாலு தடவை எந்திரிச்சிட்டேன். அவனுக்கு மூச்சு வாங்குச்சு. இப்ப அவன் என்கிட்ட குத்து கத்துக்கிறான், நான் அவன்கிட்ட பிடி கத்துக்கிறேன்."

வாத்தியாரிடம் சொன்னேன். டீயை உறிஞ்சிவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னார்.

"நல்லது. இனி ரெண்டு பேருமே ஆபத்தானவனுங்க."