கூட்டுப் போர்விமானம்

எங்கள் சுந்தரபாண்டியபுரத்தில் வாரத்துக்கு நிலம் உழுபவனும் விதைக்குமுன்னரே விளைச்சலில் தன் பங்கு யாதெனக் கேட்டறிவான். உருசியாவோடு கூடி ஐந்தாந் தலைமுறைப் போர்விமானம் இயற்ற 2007-இல் உடன்பட்ட நம் நாடு அங்ஙனம் தெளியக் கேட்டதோவென ஐயுறுகிறேன். 2010-இல் முதனிலை வரைவுக்கு 29.5 கோடி டாலர் ஒப்பந்தமாயிற்று. செலவும் பணிப்பங்கும் எஞ்சினும் பற்றிய மனக்குறைகளால் 2018-இல் விலகினோம். பணம் போயிற்றென்பார் பலர். நம் பொறிஞர்க்குக் கற்குமிடம் சுருங்கியதே பெருநட்டம் என்பேன்.

2024-இல் நம் சொந்த விமானத்தை வரைய ஏறத்தாழ 15,000 கோடி ரூபாய் ஒதுக்கினர்; நன்று. ஆயினும் தேஜசுக்கே எஞ்சின் அமெரிக்காவினின்றும் வருதலின், பிறரோடு கூடாதிருத்தல் இயலாது. கூடுங்கால் விலைக்கு முன் செய்முறையைப் பேசுக. அதற்கு இணங்காதாரோடு கூடுவதினும் பத்தாண்டு காத்திருத்தலே எனக்கு உடன்பாடு. அதுவரை எல்லையைக் காப்பதெவரென விடுதித் தோழரொருவர் சினந்தார், அவ்வினாவும் நேரியதே.