நம்பரை நம்பலாமா?

பழைய எலக்ட்ரிக் கிடார் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்க வந்தவர் முதலில் என்ன செய்கிறார்? வாசித்துப் பார்ப்பதில்லை. கிடாரைத் திருப்பி, அதில் இருக்கும் சீரியல் நம்பரைப் படித்து, இணையத்தில் ஏதோ ஓர் அட்டவணையில் தேடுகிறார். "1964-னு வருது, ஒரிஜினல்தான்!" முகம் மலர்கிறது, பணம் கைமாறுகிறது. விற்றவர் பொய் எதுவும் சொல்லவில்லை. "நம்பரை செக் பண்ணிக்குங்க சார்" என்று மட்டும்தான் சொன்னார்.

இந்தச் சடங்கைத்தான் ஒழிக்க வேண்டும்.

சீரியல் நம்பர் என்பது சான்றிதழ் அல்ல. ஒரு தொழிற்சாலை தன் கணக்குக்காகவும் வாரண்டிக்காகவும் போட்டுக்கொண்ட எண், அவ்வளவுதான். பில் புத்தகத்தில் நம்பர் வரிசையாக இருக்கிறது என்பதற்காக, சரக்கு கிடங்கில் இருக்கிறது என்று எந்த ஆடிட்டராவது கையெழுத்துப் போடுவாரா? போய்ப் பார்த்து எண்ண வேண்டும் என்பது தணிக்கையின் அரிச்சுவடி. பி.காம். முதல் வருடத்துப் பையனுக்குத் தெரிந்த இந்த விஷயம், லட்சக்கணக்கில் கிடார் வாங்குகிறவர்களுக்கு மறந்துபோகிறது.

உலகத்திலேயே புகழ்பெற்ற கிடார் நம்பரை எடுத்துக்கொள்வோம். பிங்க் ஃப்ளாய்டின் டேவிட் கில்மரிடம் இருந்த வெள்ளை ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர். நம்பர் 0001. 2019 ஜூனில் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 18 லட்சத்து 15 ஆயிரம் டாலருக்குப் போனது. 0001 என்றால் முதன்முதலில் செய்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்றுதானே தோன்றும்? அதுதான் இல்லை. நெக்கில் இருக்கும் தேதி 1954 ஜூன், உடலில் இருப்பது செப்டம்பர். அந்த வருடம் அதற்கு முன்பே செய்த ஸ்ட்ராட்டோகாஸ்டர்கள் உண்டு. ஆக, 0001-ஏ ஒன்றாம் நம்பர் இல்லை!

ஏன் இப்படி? ஃபெண்டரில் அந்தக் காலத்தில் நம்பர் மரத்தில் இருக்காது. நெக்கையும் உடலையும் நான்கு ஸ்க்ரூ போட்டு இணைக்கும் உலோகத் தகட்டில் இருக்கும். தகடுகள் பெட்டியில் மொத்தமாகக் கிடக்கும். தொழிலாளி கைக்கு வந்ததை எடுத்து முடுக்குவார். அடியில் கிடந்த தகடு எப்போது மேலே வரும் என்று யாருக்குத் தெரியும்? அதனால்தான் பக்கத்துப் பக்கத்து எண்கள் வேறு வேறு வருடக் கிடார்களில் இருக்கின்றன.

இங்கேதான் காசு விளையாடுகிறது. 1965 ஜனவரியில் ஃபெண்டர் கம்பெனி சி.பி.எஸ். நிறுவனத்துக்குக் கைமாறியது. அதற்கு முந்தைய கிடார் என்றால் விலை எங்கோ போய்விடும். முந்தையதா பிந்தையதா என்பதைச் சொல்லும் சாட்சியாகப் பலர் நம்புவது, நாலு ஸ்க்ரூவைக் கழற்றினால் கையோடு வந்துவிடும் ஒரு தகட்டை! பழைய எண் வரிசையில் அச்சு அசலாகச் செய்த நகல் தகடுகளும் சந்தையில் கிடைக்கின்றன. ரிக்கன்பேக்கரில் கதை இன்னும் சுலபம். 1961-லிருந்து நீண்ட காலம் வருடத்துக்கு ஓர் எழுத்து, மாதத்துக்கு ஓர் எழுத்து என்று ஒயர் செருகும் ஜாக் தகட்டில்தான் எண் இருந்தது.

1976-க்குப் பிறகு ஃபெண்டர் நம்பரை ஹெட்ஸ்டாக்குக்கு மாற்றியது. எழுபதுகளுக்கு 'எஸ்', எண்பதுகளுக்கு 'இ', தொண்ணூறுகளுக்கு 'என்' என்று முன்னெழுத்து. ஒழுங்கு வந்துவிட்டதா? அதுவும் இல்லை. மிஞ்சிய ஸ்டிக்கர்களை அடுத்த வருடமும் ஒட்டினார்கள். 1990-ல் செய்த சில கிடார்களில், 1999 என்று படிக்கும்படி 'என்' எழுத்துக்குப் பக்கத்தில் 9 விழுந்துவிட்டது. கம்பெனியே தடுமாறும்போது அட்டவணை என்ன செய்யும், பாவம்.

கிப்ஸன் மட்டும் சளைத்ததா? 1960-களில் அவர்கள் ஒரே ஆறு இலக்க எண்ணை ஒன்றுக்கு மேற்பட்ட கிடார்களில் அடித்தார்கள். ஓர் எண்ணைத் தேடினால் இரண்டு மூன்று வருடங்கள் பதிலாக வரும். விற்பவர் எந்த வருடத்தைச் சொல்வார் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

1977-ல் கிப்ஸன் ஒருவழியாக ஒழுங்கான முறைக்கு வந்தது. எட்டு இலக்கம். முதலாவதும் ஐந்தாவதும் சேர்ந்தால் வருடம். இடையில் உள்ள மூன்றும் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. கடைசி மூன்று அன்றைய வரிசை. உதாரணமாக 81216502. வருடம் 86, நாள் 121, அதாவது 1986 மே 1. அப்போது நாஷ்வில் ஆலையின் வரிசை 501-ல் தொடங்கும், ஆகவே அன்றைய இரண்டாவது கிடார். அழகான முறைதான். ஆனால் இதைப் படிக்கத் தெரிந்தவனுக்கு எழுதவும் தெரியுமே! கிரெடிட் கார்டு எண்ணிலாவது மற்ற இலக்கங்களைச் சரிபார்க்க ஒரு கடைசி இலக்கம் உண்டு. இதில் அதுவும் கிடையாது.

2024 டிசம்பரில் அமெரிக்கச் சுங்கத்துறை ஓர் அறிவிப்பு வெளியிட்டது. லாஸ் ஏஞ்சல்ஸ், லாங் பீச் துறைமுகத்தில் 3,000-க்கும் மேற்பட்ட போலி கிப்ஸன் கிடார்கள் பிடிபட்டன. அசலாக இருந்திருந்தால் மதிப்பு 1 கோடியே 80 லட்சம் டாலருக்கு மேல். இப்படிக் கிடாரையே அச்சு அசலாகச் செய்பவர்களுக்கு எட்டு எண்களை அடிப்பது பெரிய வேலையா? நம் ஊர்ப் பெட்டிக்கடைக்காரர் 500 ரூபாய் நோட்டில் நம்பரையா பார்க்கிறார்? வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காந்தி தெரிகிறாரா என்று பார்க்கிறார். அவருக்கு இருக்கும் தெளிவு போதும்.

"ஒன்றும் இல்லாததற்கு நம்பராவது இருக்கிறதே, மோசமான போலியை அது காட்டிக்கொடுக்குமே" என்று ஒரு வாதம் உண்டு. பாதி சரி. அந்தக் காலத்தில் இல்லாத முறையில் எண் இருந்தால் சந்தேகப்படலாம். பத்துக் கிடாரில் ஒரே எண் இருந்தால் ஓடிவிடலாம். அதாவது, நம்பரால் சில சமயம் "இல்லை" என்று சொல்ல முடியும். "ஆமாம்" என்று ஒருபோதும் சொல்ல முடியாது. சந்தை அதனிடம் கேட்பதோ "ஆமாம்" மட்டும்தான்.

அந்த "இல்லை"யும் நல்ல கிடாரை அநியாயமாகப் பலி வாங்குவது உண்டு. கிப்ஸன் லெஸ் பாலில் ஹெட்ஸ்டாக் உடைவது சகஜம். 1950-களில் நம்பரை மையால்தான் முத்திரை குத்தினார்கள். உடைந்ததை ஒட்டி, தேய்த்து, மறுபடி பாலிஷ் போட்டால் நம்பர் போயே போச்சு. கிடார் அசல், மரம் அசல், நாதம் அசல். ஆனால் "நம்பர் இல்லையா? அப்போ வேண்டாம்". நேர்மையான சொந்தக்காரர் தலைகுனிந்து நிற்க, பளிச்சென்று நம்பர் போட்ட போலி பக்கத்தில் விலை போகிறது!

சரி, வேறு எதைப் பார்ப்பது? திறந்து பார்க்க வேண்டும். வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் பொட்டன்ஷியோமீட்டரில் ஒரு குறியீடு இருக்கும். 137 6412 என்றால், 137 என்பது சி.டி.எஸ். கம்பெனி, 64 வருடம், 12 வாரம். அந்தப் பாகம் பிறகு மாற்றப்படாமல் இருந்தால், 1964 மார்ச்சுக்கு முன்னால் அந்தக் கிடார் முழுமையாகியிருக்க முடியாது. மாற்றப்பட்டதா என்பதை சால்டரிங் சொல்லிவிடும். நெக்கின் அடியில் எழுதிய தேதி, பிக்கப், பெயிண்டுக்கு அடியில் இருக்கும் பழைய ஓட்டைகள் என்று எல்லாம் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பார்க்க வேண்டும். புதிய கிப்ஸன் என்றால் ஹெட்ஸ்டாக்கில் இருக்கும் மணி வடிவ மூடியைப் பாருங்கள். அசலில் இரண்டு ஸ்க்ரூ, போலிகள் பலவற்றில் மூன்று. ஒற்றைச் சாட்சியை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

கடைசியாக ஒரு நல்ல செய்தி. கனடாவின் ராண்டி பாக்மன் வைத்திருந்த 1957 கிரெட்ஷ் கிடார், 1976-ல் டொராண்டோ ஹோட்டலில் திருடு போனது. 2020-ல் ஜப்பானில் கண்டுபிடிக்கப்பட்டு, 2022 ஜூலை 1 அன்று டோக்கியோவில் அவர் கைக்குத் திரும்பியது. துப்புக் கொடுத்தது நம்பரா? இல்லை. பழைய படங்களில் தெரிந்த மரத்தின் ரேகை! மனிதனுக்குக் கைரேகை மாதிரி, ஒரு மரத்தின் ரேகை இன்னொன்றுக்கு வராது. யாரும் அதை ஸ்க்ரூ கழற்றி மாற்ற முடியாது.

நம்பருக்கு வேலையே இல்லை என்பதல்ல. வைத்திருப்பவர் அதை எழுதி வைக்கட்டும், கூடவே நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைக்கட்டும். காணாமல் போனால் உதவும். வாங்க வந்தவரோ நம்பரைக் கடைசியாகப் பார்த்தால் போதும்.

பி.கு.: வாங்கப் போகும்போது ஒரு ஸ்க்ரூ டிரைவர் கொண்டுபோய், விற்பவர் கையிலேயே கொடுத்து உள்ளே காட்டச் சொல்லுங்கள். "அதெல்லாம் எதுக்கு சார், நம்பர்தான் சரியா இருக்கே" என்றால் பதில் கிடைத்துவிட்டது :-)