வாய்க்கால் வெட்டும் கட்டி

வெள்ளகோவில் விவசாயிகளுக்குத் தண்ணீரின் அருமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பரம்பிக்குளம்-ஆழியாறு கால்வாயின் கடைமடை அவர்கள் பூமி. மேலே ஒருவர் திருட்டுக் குழாய் போட்டால் இங்கே பயிர் வாடும்.

மனித உடலிலும் இப்படி ஒரு திருட்டு நடக்கிறது. திருடுவது புற்றுக்கட்டி. திருடப்படுவது ரத்தம்!

கட்டி முதலில் குண்டூசித் தலை அளவுதான் இருக்கும். அதுவரை, பக்கத்திலிருந்து கசிந்து வரும் சத்தே அதற்குப் போதும். மேலும் வளர ரத்தம் வேண்டும். கட்டி என்ன செய்கிறது? ஒரு புரதத்தைச் சுரக்கிறது. அது அக்கம்பக்கத்து ரத்தக் குழாய்களைத் தூண்டுகிறது. அவை கிளைவிட்டுக் கட்டியை நோக்கி வளர்கின்றன. கட்டிக்கு வாய்க்கால் வந்துவிட்டது! அந்த வழியாகவே புற்று உயிரணுக்கள் கல்லீரலுக்கும் நுரையீரலுக்கும் போய்க் குடியேறுகின்றன.

இந்தக் கருத்தை 1971-ல் வெளியிட்டவர் அமெரிக்க டாக்டர் ஜூடா போக்மன். அன்று பலர் நம்பவில்லை. 1989-ல் நெப்போலியன் பெராரா என்ற விஞ்ஞானி இந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்துக் காட்டினார். 'ரத்தக் குழாய் வளர்ச்சிக் காரணி' என்பது அதன் பெயர். காயம் ஆறுவதற்கும் இதே புரதம்தான் உதவுகிறது. நல்ல வேலைக்காரனைத் திருடன் கூலிக்கு அமர்த்திக்கொண்ட கதை!

பெருங்குடலில் வரும் கட்டிகள் எல்லாம் ஒன்றுபோல இருப்பதில்லை. டாக்டர்கள் ஒரு துணுக்கை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். அதன் உயிரணுக்கள் குடலின் இயல்பான உயிரணுக்களைப் போலிருந்தால் அது குறைந்த தரம். சாயலே மாறியிருந்தால் உயர்ந்த தரம். இங்கே 'உயர்ந்தது' என்றால் நல்லது அல்ல. முரடானது என்று பொருள். முரட்டுக் கட்டிகளில் இந்தப் புரதம் அதிகம் இருப்பதைப் பல ஆராய்ச்சிகள் கண்டன. சில ஆராய்ச்சிகள் அப்படிக் காணவில்லை. ஆகவே, புரதத்தை மட்டும் அளந்து ஒருவரின் ஆயுளைச் சொல்லிவிட முடியாது.

வாய்க்காலை அடைக்க மருந்து உண்டா? உண்டு. பெவாசிசுமாப் என்ற ஊசி மருந்தைக் குடல் புற்றுக்குத் தர அமெரிக்கா 2004-ல் அனுமதித்தது. நோய் பரவிவிட்டவர்களிடம் நடந்த சோதனையில், வழக்கமான மருந்துகளை மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் 15 மாதத்துக்குச் சற்று அதிகமாக வாழ்ந்தார்கள். இந்த ஊசியையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அது 20 மாதம் ஆயிற்று.

ஐந்து மாதம்! பேரனின் முகம் பார்க்கக் காத்திருக்கும் கிழவருக்கு அது பெரிது. ஆனால், கட்டி குடலைத் தாண்டும் முன்பே அறுத்து எடுத்தவர்களில் மிகப் பலர் ஆண்டுக் கணக்கில் வாழ்கிறார்கள்.

பிறகு ஏன் தாமதம்? வெட்கம்தான் காரணம். மலத்தில் ரத்தம் போனால் வீட்டில்கூடச் சொல்வதில்லை. "உடம்புச் சூடு", "மூலம்" என்று தாமே முடிவு கட்டி, துத்தி இலையை வதக்கித் தின்று மாதங்களை ஓட்டுகிறார்கள். மூலமாகவும் இருக்கலாம்; அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். மலம் போகும் வழக்கம் வாரக் கணக்கில் மாறியிருந்தாலும், காரணமில்லாமல் எடை குறைந்தாலும், ரத்தசோகை வந்தாலும் காட்ட வேண்டும்.

1954-ல் அடையாறில் புற்றுநோய் ஆஸ்பத்திரி தொடங்கிய காலத்தில் கொங்கு நாட்டார் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியிருந்தது. இன்று கோவையிலேயே குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கிறார்கள். புற்றாக மாறக்கூடிய சிறு முளை தென்பட்டால், பெரும்பாலும் அப்போதே அதை நீக்கிவிடுகிறார்கள்.